மாமல்லபுரத்துக் கடலில் மூழ்கிப் பார்த்தவர்கள்

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போகிறவர்களிடம் உள்ளூர்க்காரர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள். "இதைப்போல ஏழு கோயில் இருந்ததுங்க. ஆறு கடலுக்குள்ளே போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்." கேட்பவர் உடனே கிழக்கே திரும்பிப் பார்ப்பார். கலங்கிய நீரையும் நுரையையும் தவிர அங்கே ஒன்றும் தெரியாது. பள்ளிச் சுற்றுலாவில் முதன்முதலாக இதைக் கேட்டபோது நானும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன்.

இது கதையா, உண்மையா? விடை காண வேண்டுமானால் ஒருவர் கடலுக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும். அந்த வேலை உலகம் அறியும் வகையில் நடந்தது 2002ஆம் ஆண்டில். கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரே தள்ளியிருக்கும் ஓர் இடத்தைப் பார்க்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று? பார்த்தவர்கள் எதைக் கண்டார்கள்? கண்டதைக் கொண்டு எவ்வளவு தூரம் சொல்லலாம்?

மாலுமிகள் வைத்த பெயர்

சோழமண்டலக் கரையோரமாகக் கப்பல் ஓட்டிய ஐரோப்பிய மாலுமிகள் மாமல்லபுரத்தை 'ஏழு பகோடா' என்று அழைத்தனர். பகோடா என்பது கோயிலுக்கு அவர்கள் வழங்கிய சொல். தட்டையான இந்தக் கரையில் குன்றும் கோபுரமும் சேர்ந்து தெரியும் இடம் கப்பலுக்கு நல்ல அடையாளம். குன்றின் உச்சியிலுள்ள பழைய சிவன் கோயிலே ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது.

பெயர் பழையது. அதன் பின்னால் இருந்த கதையை எழுத்தில் பதித்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் 1772இலும் 1776இலும் இவ்வூருக்கு வந்தார். பார்த்ததையும் கேட்டதையும் 1784இல் கட்டுரையாக எழுதினார். அது 1788இல் வெளியான ஆசியக் கழகத்தின் ஆய்விதழ் முதல் தொகுதியில் அச்சாயிற்று. ஊர் முதியவர்கள் தம் இளமையில் கடலுக்குள் வெகுதொலைவில் பல கோயில்களின் உச்சிகளைக் கண்டதாகக் கூறினார்களாம். அவ்வுச்சிகள் செம்புத் தகடு வேய்ந்தவை. சூரியன் எழும்போது பளபளக்கும். பிறகு செம்பில் களிம்பு ஏறியதால் அந்த ஒளி மறைந்துவிட்டது என்று சேம்பர்ஸ் எழுதுகிறார்.

இந்தச் சாட்சியத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். செம்பு உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பூக்கும் என்பது வேதியியலுக்கு ஒத்ததுதான். ஆனால் 'ஆறு கோயில்' என்ற கணக்கு அதில் இல்லை. 'பல' என்றே இருக்கிறது. சேம்பர்ஸ் தாமும் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததாக முதியவர்கள் சொன்னதாக மற்றவர்கள் சொன்னதைக் கேட்டார். அழகிய நகரைக் கண்டு தேவர்கள் பொறாமை கொண்டு கடலை ஏவி அழித்தனர் என்ற கதையையும் அவர் சேர்த்தே எழுதினார். 1810இல் ராபர்ட் சதே என்ற ஆங்கிலக் கவிஞர் தம் நீண்ட காவியம் ஒன்றில் இந்த மூழ்கிய நகரைப் புகுத்தினார். அதன் பின் கதை சீமையிலும் பரவியது. கரையில் நின்று கதையை வளர்த்தவர்கள் பலர். இறங்கியவர் எவரும் இல்லை.

மூச்சு எவ்வளவு நேரம்?

இறங்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கும் அதற்குக் கீழும் சென்று வந்தனர். ஆனால் ஒரு மூச்சு என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். சிப்பியை வாரிக் கூடையில் போட அது போதும். ஒரு கல்லின் நீள அகலத்தை அளந்து, அடுத்த கல்லோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்து, படம் வரைந்துகொள்ள ஒரு நிமிடம் எந்த மூலைக்கு?

1943இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞ்ஞானும் சேர்ந்து 'அக்வாலங்' என்ற கருவியை உருவாக்கினர். முதுகில் அழுத்திய காற்று நிரப்பிய உருளை. வாயில் ஒரு குழாய். இரண்டுக்கும் நடுவே ஒரு வால்வு. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வாயுவில் ஓடிய மோட்டார் வண்டிகளுக்காக அமைந்த வால்வைத்தான் காஞ்ஞான் மாற்றியமைத்தார். மூழ்குபவர் மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில், அது காற்றை விடும். இன்று ஸ்கூபா என்று வழங்கும் முறை இதன் வழிவந்ததே. 1950களின் பிற்பகுதியில் தூத்துக்குடியில் முத்துப் பார்களை ஆராய இக்கருவி வந்து சேர்ந்தது. பார் என்பது கடலடியிலுள்ள பாறைத் திட்டுக்கு நம் மீனவர் வழங்கும் சொல். இக்கட்டுரையிலும் அதையே ஆள்வோம். பழைய முறை முத்துக்குளிப்பு அங்கே கடைசியாக நடந்தது 1961இல்.

கருவி வந்தவுடன் வரலாற்றாய்வு தொடங்கிவிடவில்லை. முதலில் வேலைக்கு அமர்த்திய மூழ்குநர்கள் கடலில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். அறிஞர் படகில் உட்கார்ந்திருந்தார். 1960இல் துருக்கி நாட்டுக் கெலிடோனியா முனையில், ஜார்ஜ் பாஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் தாமே மூழ்கக் கற்றுக்கொண்டு, நிலத்து அகழாய்வின் ஒழுங்கோடு ஒரு பழங்கப்பலை அகழ்ந்தார். நம் நாட்டில் அந்த வழியைத் தொடங்கி வைத்தவர், லோத்தலை அகழ்ந்த எஸ்.ஆர்.ராவ். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தில் 1981இல் அவர் தொடங்கிய கடல்சார் தொல்லியல் பிரிவு துவாரகையிலும் பூம்புகாரிலும் ஆய்வு நடத்தியது. மாமல்லபுரத்தில் மூழ்கிய இந்தியர்கள் அந்தப் பிரிவில் பயின்றவர்களே.

எட்டு மீட்டர்தானே?

மாமல்லபுரத்தில் பார்க்க வேண்டிய ஆழம் 5 முதல் 8 மீட்டர். நம் ஊர்க் கிணறுகளைவிடக் குறைவு. எனவே எளிது என்று நினைத்துவிடக் கூடாது.

ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நீரின் அழுத்தம் ஒரு வாயுமண்டலம் கூடுகிறது. எட்டு மீட்டரில் மொத்த அழுத்தம் 1.8 வாயுமண்டலம். பாயில் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அழுத்தம் குறையக் குறைய வாயுவின் கன அளவு பெருகும். எட்டு மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் 6 லிட்டர் காற்றை நிரப்பிக்கொண்டு, மூச்சை அடக்கியபடியே ஒருவர் மேலே வந்தால், அந்தக் காற்று 10.8 லிட்டராக விரியப் பார்க்கும். நெஞ்சுக்கூட்டில் அதற்கு இடம் ஏது? நுரையீரல் கிழியும். ஆழம் குறைந்த நீரில்தான் இந்த விரிவு வேகமாக நிகழ்கிறது. "மூச்சை ஒருபோதும் அடக்காதே" என்பது ஸ்கூபா பயில்பவர் கற்கும் முதல் பாடம். முத்துக்குளிப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் மேலே இழுத்த காற்றையே மேலே கொண்டுவருகிறார்.

அடுத்தது காற்றுக் கணக்கு. 12 லிட்டர் உருளையில் 200 வாயுமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்று இருக்கும். அமைதியாக இருப்பவர் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பதாகக் கொண்டால், எட்டு மீட்டரில் அவருக்கு 36 லிட்டர் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துபவருக்கோ மூச்சு இரட்டிக்கும், அப்போது அரைமணிதான். அதிலும் திரும்பி வருவதற்கென ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.

நீரோட்டத்தின் இயல்பு இன்னொன்றும் உண்டு. அதன் வேகம் இரு மடங்கானால் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலில் துடுப்பு அணிந்த நல்ல நீச்சல்காரரும் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேக ஓட்டத்தை வெகுநேரம் எதிர்க்க முடியாது. ஸ்காட்லாந்து, கனடாவின் மேற்குக் கரை போன்ற குளிர்கடல்களில் நீரோட்டம் பாயும் பாறைத் திட்டுகளில் மூழ்குபவர்கள் ஓர் உபாயம் செய்கிறார்கள். அங்கே ஓட்டத்தை உண்டாக்குவது ஓதம். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் இடைவேளையில் நீர் சிறிது நேரம் அசையாது நிற்கும். அட்டவணையைப் பார்த்து அந்த நேரத்தில் இறங்கிவிடுவார்கள். நம் கரையில் அது பலிக்காது. இங்கே ஓதம் ஒரு மீட்டர் அளவே ஏறி இறங்குகிறது. நீரோட்டத்தைப் பெரும்பாலும் ஆள்வது காற்றும் பருவமும். ஆண்டின் முற்பகுதியில் கரையோர ஓட்டம் வடக்கு நோக்கிப் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் நாள்கணக்கில் ஓடும்.

நம் கடல் குளிர்கடல் அன்று என்பது உண்மையே. ஆயினும் நீர் காற்றைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு வெப்பத்தைக் கடத்துவது. 28 பாகை நீரிலும் ஒரு மணி நேரம் கிடந்தால் உடல் குளிரத் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை கலங்கலும் அலையும்தான். செங்கல்பட்டைத் தொட்டு ஓடிவரும் பாலாறு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் அது கொண்டுவரும் மண் கரையோரமாகவே அலைக்கழியும். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம்வரை எட்டும் என்பது இயற்பியல். எட்டு நொடிக்கு ஒன்றாக வரும் அலை ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர் நீளமுடையது; 50 மீட்டர் ஆழம்வரை நீரை அசைக்க வல்லது. எட்டு மீட்டர் அதற்கு எம்மாத்திரம்? அடியிலுள்ள மூழ்குநரை அது தொட்டில்போல் ஆட்டும், அடிமண்ணையும் எழுப்பும். எதிரே நீட்டிய கையின் விரல்கள் தெரியாத நேரமும் உண்டு. கல்லைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பதே மிகுதி.

2002, ஏப்ரல்

மீனவர்களுக்கு இந்தப் பார்கள் புதியவை அல்ல. வலை சிக்கும் இடமும் மீன் கூடும் இடமும் அவர்களுக்கு மனப்பாடம். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்து, வேறு திசையில் இன்னும் இரண்டை அவ்வாறே வைத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் படகை நிறுத்துவார்கள். அடியில் கட்டடம்போல் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவந்தவர்களும் அவர்கள்தாம். அச்செய்தி கிரஹாம் ஹான்காக் என்ற ஆங்கில எழுத்தாளரின் காதுக்கு எட்டியது. இங்கிலாந்தின் அறிவியல் தேடல் சங்கமும் நம் தேசியக் கடலியல் நிறுவனமும் சேர்ந்து 2002 ஏப்ரல் தொடக்கத்தில் இறங்கின. இந்தியக் குழுவுக்குக் கமலேஷ் வோராவும் ஆங்கிலக் குழுவுக்கு மான்ட்டி ஹால்ஸும் தலைமை தாங்கினர்.

கடற்கரைக் கோயிலிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில் ஐந்து இடங்களில் மூழ்கினர். இடிந்த சுவர்களின் பகுதிகள், சதுரமும் நீள்சதுரமுமான கற்பாளங்கள், படிகளோடு கூடிய மேடை ஆகியவை கிடந்தன. ஒவ்வோர் இடமும் சுமார் 100 மீட்டருக்கு 50 மீட்டர் பரப்பு. கொட்டலசும் சிப்பியும் எல்லாவற்றின் மேலும் அடர்ந்து ஒட்டியிருந்தன. ஓரிடத்தில் சிங்க உருவம்போல் ஒன்று தென்பட்டது. இவற்றைக் கொண்டு, இவை கோயில் தொகுதியின் பகுதியாகலாம், 1,200 முதல் 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட பல்லவர் காலத்தனவாகலாம் என்று நிறுவனத்தார் கருதினர். சுந்தரேஷ், கௌர், சிலா திரிபாதி, வோரா ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2004இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று.

சதுரமாக இருந்தால் போதுமா?

அவசரப்பட்டு 'கதை மெய்யாயிற்று' என்று முடித்துவிட வேண்டாம். இயற்கையும் சதுரக் கல் செய்யும். பூமிக்குள் உருவான பாறை மேலே வந்து அழுத்தம் தளரும்போது அதில் நேரான வெடிப்புகள் தோன்றும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு வரிசை வெடிப்புகள் அமைந்தால், பாறை செங்கல் அடுக்கியதுபோல் பிளந்து நிற்கும். செங்கல்பட்டு மாவட்டத்துக் குன்றுகளில் இதைக் கண்கூடாகக் காணலாம். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல்லும் பல்லாவரத்துப் பக்கத்துக் கல்தான். தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்றே பெயரிட்டுவிட்டார்.) மாமல்லபுரத்துப் பார்களிலும் இயற்கைப் பாறையும் கட்டடக் கல்லும் கலந்தே கிடக்கின்றன, ஆய்வாளர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் மனிதன் கை பட்டதை எவ்வாறு அறிவது? வெடிப்பால் பிளந்த இரு கற்களின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தும். வேறிடத்தில் வெட்டிக் கொண்டுவந்து அடுக்கிய கற்கள் அவ்வாறு பொருந்தா. உளித் தடம் இன்னொரு சான்று. ஆனால் கொட்டலசைச் சுரண்டினால்தான் அது தெரியும். பாறையைப் பிளக்க வரிசையாக இட்ட ஆப்புக் குழிகளும் சான்றாகும். மாமல்லபுரத்துக் குன்றுகளில் இக்குழிகளை நிறையப் பார்க்கலாம். இதிலும் ஒரு சிக்கல்: பிற்காலத்தில் கல் உடைத்தவர்கள் இட்ட குழிகளும் அங்கே உண்டு. குழி, மனிதனைக் காட்டும், நூற்றாண்டைக் காட்டாது. படிக்கட்டும் அடுக்கிய சுவரும் இருப்பதால் மனித வேலை அங்கே இருக்கிறது என்பதை ஏற்கலாம் என்பது என் கருத்து. எந்தக் கல் அது, எது இல்லை என்பதைக் கல் கல்லாகத்தான் தீர்க்க வேண்டும்.

ஆழம் நாள்காட்டி ஆகுமா?

காலத்தைப் பற்றி அப்போதே இரண்டு கருத்துகள் எழுந்தன. இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழக நிலவியலார் கிளென் மில்ன், பனியுகப் பனி உருகிக் கடல் உயர்ந்த கணக்கைக் கொண்டு, அந்த ஆழத்திலுள்ள இடம் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கியிருக்கும் என்றார். ஹான்காக்குக்கு இது உவப்பாக இருந்தது. பனியுக முடிவின் பெருவெள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர்.

கடல்மட்டக் கணக்கில் பிழை இல்லை. பிழை, கல் இன்று கிடக்கும் ஆழமே அது கட்டப்பட்ட தரையின் ஆழம் என்று கொள்வதில் இருக்கிறது. மணற்கரையில் ஒரு மண்டபம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அலை அதன் அடியிலுள்ள மணலை அரித்தால் மண்டபம் சரியும். கல்லை அலை தூக்கிச் செல்லாது. மணலை மட்டும் கொண்டுபோகும். கற்கள் மணல் இறங்க இறங்கத் தாமும் இறங்கி, கடைசியில் கீழுள்ள பாறையில் போய் அமரும். கடல்மட்டம் ஓர் அங்குலமும் உயர வேண்டியதில்லை!

மாமல்லபுரம், கல்பாக்கம் கரையில் ஆண்டுக்குச் சராசரி 55 சென்டிமீட்டர் நிலம் அரிக்கப்படுவதாக ஒரு கணக்கு உண்டு. வாசகரே பெருக்கிப் பார்க்கலாம்: 1,500 ஆண்டுகளுக்கு 825 மீட்டர். இதே வேகம் தொடர்ந்திருந்தால், அக்கற்கள் கிடக்கும் இடம் பல்லவர் காலத்தில் நிலமாக இருந்திருக்கும். இந்தக் கணக்கைக் கோவா ஆய்வாளர்களே எடுத்துக்காட்டினர். அரிப்பு எல்லாக் காலத்திலும் ஒரே வேகத்தில் நடக்குமா என்று கேட்கலாம், நடக்காது. சென்னைத் துறைமுகம் கட்டிய பின் அதன் தெற்கே மெரினாவில் மணல் குவிந்ததையும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததையும் நாம் அறிவோம். மணல் கரையோரமாக வடக்கே நடந்துகொண்டே இருக்கிறது. எங்கு தடைபடுகிறதோ அங்கு கரை மாறும். கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பாறைகளைக் கொட்டித் தடுப்பு எழுப்பியிராவிட்டால், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்த அக்கோயிலும் இந்நேரம் என்ன ஆகியிருக்குமோ?

கடலே அகழ்ந்த நாள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அலை ஏறுமுன் கடல் வெகுதூரம் உள்வாங்கியபோது, நீருக்குள் வரிசையாகப் பாறைகள் தெரிந்ததாகக் கரையிலிருந்தவர்கள் கூறினர். அந்த நாளில் உயிர் தப்பியவர்கள் சொன்ன சாட்சியம் அது. அளந்து எடுத்த குறிப்பு அன்று. அலை வடிந்தபின் மணல் விலகி, மிருக உருவங்கள் செதுக்கிய பாறைகள் கரையில் வெளிப்பட்டன. இந்தியத் தொல்லியல் துறையினர் 2005இல் கடற்படையின் உதவியோடு கடலிலும், பிறகு கரையிலும் ஆய்வு நடத்தினர். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே இடிந்துபோன இன்னொரு கோயிலின் அடித்தளம் மணலுக்கடியில் கிடைத்தது. கடற்கரைக் கோயில் தனித்து நின்றதன்று என்பதற்கு நிலத்திலேயே கிடைத்த சான்று இது.

வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள சாளுவன்குப்பத்தில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே ஒரு பாறையின் அடிப்பகுதியை மூடியிருந்த மணலை அலை வாரிச் சென்றது. அதில் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று தெரிந்தது. திருவீழ்ச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலை அது குறிப்பிட்டது. அப்படியொரு கோயில் அருகில் எங்கும் இல்லை. தொல்லியலார் பக்கத்திலிருந்த மணல் மேட்டைத் தோண்டினர். கல் வேல் ஒன்றும், பல்லவர் காலக் கட்டுமானமும், அதற்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் வெளிவந்தன. அதையும் முன்னொரு காலத்தில் பேரலையே அழித்திருக்கக்கூடும் என்று அகழ்ந்தவர்கள் கருதினர்.

அந்தக் கோயிலின் பெயரும் ஊரும் நமக்குத் தெரியக் காரணம், பாறையில் எழுத்து இருந்ததுதான். கடலுக்குள் கிடக்கும் கற்களைப் பற்றிச் சொன்ன காலம், கல்வெட்டைப் படித்துச் சொன்னதன்று. கட்டடத்தின் அமைப்பையும் ஊரின் வரலாற்றையும் கொண்டு உய்த்துணர்ந்தது. எழுத்துள்ள ஒரு கல் அங்கே கொட்டலசுக்கு அடியில் இருந்தால், அதைக் கண்டெடுக்க வேண்டியவர் கலங்கல் நீரில் ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் தடவிப் பார்க்கும் மூழ்குநர்தான். அவருக்கு முதுகில் அரைமணி நேரக் காற்று இருக்கிறது.